ஆட்டோமேட்டிக்காம், ஆட்டோமேட்டிக்!

மறுபடியும் ஆடுகிறது.

சனிக்கிழமை ஏழு மணி நேரம் வெயிலில் வெந்து, புறங்கையில் இரண்டு இடத்தில் தோல் போய், பெற்ற பிள்ளையிடம் பேசக் கூடாததெல்லாம் பேசி நான் ‘சரி பண்ணிய’, என் பழைய பிக்கப் வண்டியின் கியர் லீவர், திங்கட்கிழமை காலையிலேயே மறுபடியும் ஆடுகிறது. லேசாகக்கூட இல்லை. கல்யாணம் முடிந்து மூன்று நாள் ஆகியும் அவிழ்க்காமல் விட்ட வாசல் வாழைமரம் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆடுகிறது.

இன்று காலை மளிகைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, லீவரை ‘பார்க்’ என்கிற, வண்டியை நகராமல் நிறுத்தும் கியரில் தள்ளினேன். மீட்டரில் முள் அழகாக ‘பி’ மேல் போய் உட்கார்ந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி மெதுவாகப் பின்னால் போகிறது. முள் ‘பி’யில்தான் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். வண்டி மட்டும் ரிவர்ஸில் இருக்கிறது. பின்னால் ஒரு அம்மா, தள்ளுவண்டி நிறைய முருங்கைக்காயும் வெந்தயக்கீரையும் வைத்துக்கொண்டு வந்தார். நான் மிதித்த மிதியில் பிரேக் பெடல் இரும்பாக இருந்ததால் தப்பித்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நின்று, வண்டியை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்து, அப்புறம் என்னை ஒருமுறை பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

டெக்ஸாஸில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1993 மாடல். கம்பெனி பேர் வேண்டாம், நமக்கு எதற்கு வம்பு. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் லீவர், முன்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் சீட். நடுவில் உட்காருகிறவரின் முழங்காலில் இடிக்கக் கூடாது என்றுதான் லீவரைத் தரையிலிருந்து தூக்கி மேலே மாட்டினார்கள். நல்ல யோசனை. நடுவில் உட்கார இதுவரை ஒருவரும் சம்மதித்ததில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ஆத்திரம் அந்த முள் மேல்தான். இத்தனை நாளும் அது கியர் பாக்ஸிலிருந்து சேதி வாங்கிச் சொல்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த முள்ளை இழுப்பது ஒரு நூல். ஆமாம், நூல். ஸ்டியரிங் தண்டில் ஒரு முனை, முள்ளில் ஒரு முனை. நாம் லீவரை எங்கே தள்ளினோமோ அதைத்தான் நமக்கே திருப்பிச் சொல்கிறது. கீழே கியர் பாக்ஸ் எந்தக் கியரில் இருக்கிறது என்று அதற்குத் தெரியவும் தெரியாது, கவலையும் கிடையாது. எங்கள் ஆபீஸில் வாராவாரம் ‘எல்லாம் பச்சை’ என்று ரிப்போர்ட் போடும் மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார்.

‘பார்க்’ என்பதும் பிரேக் இல்லை. கியர் பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் இருக்கிறது; அதன் பல்லிடுக்கில் ஒரு கொக்கி விழுகிறது. அவ்வளவுதான். கொக்கி முழுசாக விழவில்லை என்றால் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதெல்லாம் புதுக் கதையும் இல்லை. பார்க்கில் நிறுத்திய வண்டி ரிவர்ஸுக்கு நழுவுகிறது என்ற புகாரில், 1966 முதல் 1980 வரை வந்த ஃபோர்டு வண்டிகளுக்கு, சுமார் 2 கோடியே 30 லட்சம் பேருக்கு, கடைசியில் அமெரிக்க அரசு வாங்கிக் கொடுத்த பரிகாரம் என்ன தெரியுமா? ஸ்டிக்கர். பார்க்கில் சரியாகப் போடு, பார்க்கிங் பிரேக்கைப் போடு, எஞ்சினை அணை என்று எச்சரிக்கிற ஸ்டிக்கர். தபாலில் வரும், வாங்கி முன்னால் ஒட்டிக்கொள்ள வேண்டியது. எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் பார்க்கவாவது நன்றாக இருந்திருக்கும்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அவர் லீவரை இரண்டு விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, ‘மொத்த ஸ்டியரிங் தண்டையும் மாத்தணும், ஆயிரத்து நூறு டாலர்’ என்றார். வண்டியை நான் வாங்கியதே ஆயிரத்து எண்ணூறுக்கு. அப்புறம் வீடியோ பார்த்தேன். அங்கேதான் பிடித்தது சனி. வீடியோவில் அந்தத் தொப்பிக்காரர், லீவர் ஆடினால் அதைப் பிடித்திருக்கும் ‘பின்’ என்கிற சின்ன ஆணி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், பழையதைத் தட்டி எடு, புதியதைத் தட்டி இறக்கு, பத்து நிமிட வேலை என்றார். பின் விலை 3 டாலர் 49 சென்ட். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், அரை விரல் நீளம், சுருட்டிய தகடு. இதற்குப் போய் ஆயிரத்து நூறா என்று சிரித்தேன். சிரித்தேன், அதை மறுக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

அந்தப் பின்னைத் தட்ட பஞ்ச் என்கிற மொட்டை உளி வேண்டும். அந்தப் பஞ்ச்சைத் தட்ட சுத்தியல் வேண்டும். சுத்தியலை ஓங்க இடம் வேண்டும். இடம் கிடையாது. லீவரை எந்தக் கியரில் வைத்தாலும் ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கிறது: ஒரு பக்கம் டாஷ்போர்டு, ஒரு பக்கம் ஸ்டியரிங், இரண்டையும் தாண்டினால் என் மூக்கு. ஓங்க முடிந்தது இரண்டு அங்குலம். இரண்டு அங்குல ஓங்கலில் முப்பது வருடத் துருவை அடித்துப் பாருங்கள். சாமிக்குத் தேங்காயைச் செல்லமாகத் தட்டி உடைப்பது மாதிரி.

டார்ச் பிடிக்க மகனைக் கூப்பிட்டேன். பதினோரு வயது. அவன் என்ன தப்பு செய்தான், பாவம். ஆனால் டார்ச் ஒளி என் கை இருக்கும் இடத்தைத் தவிர உலகத்தில் எல்லா இடத்திலும் விழுந்தது. கூரையில் விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் மேல் விழுந்தது. என் கண்ணுக்குள் இரண்டு முறை விழுந்தது. “இங்க அடிடா, இங்க, இங்க” என்றேன். “வேர் இஸ் இங்க, அப்பா?” என்றான். பதில் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்; என் அப்பாவின் குரல் வந்தது, அதே வார்த்தைகள், அதே சுருதி. முப்பது வருடத்துக்கு முன்னால் பொள்ளாச்சியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அழாமல் நின்ற பையன் நான்தான். அது தெரிந்தும் வாயை மூட முடியவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தப் பின் அசைந்தது. அடுத்த அடியில் வெளியே வந்தது. கூடவே, தொப்பிக்காரர் சொல்லாமல் விட்ட ஒரு ஸ்பிரிங்கும் வந்தது. வந்தது என்றா சொன்னேன்? பறந்தது. டிங் என்று கண்ணாடியில் பட்டு, டாஷ்போர்டின் மேலே கண்ணாடிக்குக் காற்று வரும் நீள ஓட்டை இருக்கிறதே, உலகத்திலேயே அகலம் குறைந்த ஓட்டை, அதற்குள் நேராகப் போனது. நானே குறிபார்த்து நூறு தடவை எறிந்தாலும் அதற்குள் போட முடியாது.

அடுத்த இரண்டு மணி நேரம் அந்த ஸ்பிரிங்கை எடுக்க. முதலில் கம்பி. அப்புறம் கம்பி நுனியில் காந்தம், குளிர்சாதனப்பெட்டியில் மீனாட்சி அம்மன் கோயில் படத்தோடு ஒட்டியிருந்தது. உள்ளே போன அம்மன் ஒரு பேப்பர் கிளிப், 1990-களைச் சேர்ந்த ஒரு கால் டாலர், யாருடையதோ ஒரு காதுவளையம் எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். ஸ்பிரிங் நாலாவதாக வந்தது. வெளியே ஃபாரன்ஹீட்டில் நூறு. வண்டிக்குள் எவ்வளவு என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மனைவி வாசலுக்கு வந்து, “ஏனுங்க, மோர் கொண்டாரட்டுங்களா, இல்ல ஆம்புலன்ஸா?” என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

புதுப் பின் இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரம். கழற்றிப் போட்ட டாஷ்போர்டுத் துண்டுகளைத் திரும்ப மாட்ட மிச்ச நேரம். இறங்கியதும் லீவர் கல் மாதிரி நின்றது. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று சும்மா நாலு தடவை போட்டுப் பார்த்தேன். மகனையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தெருவில் போன தபால்காரரிடம்கூடக் காட்டியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கவில்லை. ஒரு நாள் நிம்மதி, அதையாவது அனுபவித்தேன்.

அப்புறம் இன்று காலை. அரிசி வாங்கி வந்து வண்டியைக் கிளப்பினால் கிளம்பவில்லை. பார்க்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறது என்று உள்ளே ஒரு சுவிட்ச் சாட்சி சொன்னால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். முள்ளின் பேச்சை நான் நம்புகிறேன், சுவிட்ச் நம்பவில்லை. லீவரை ‘பி’க்கும் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். சாவியும் வலப்பக்கம், லீவரும் வலப்பக்கம். ஆகவே இடது கை ஸ்டியரிங்குக்கு மேலே வளைந்து போய் லீவரைத் தூக்க, வலது கை அதற்கு அடியில் நுழைந்து சாவியைத் திருப்ப, இடது கால் தானாக டாஷ்போர்டு வரை உயர, சிதம்பரத்தில் நிற்க வேண்டியவன் ஹூஸ்டனில் கார் நிறுத்துமிடத்தில் நின்றேன். முருங்கைக்காய் அம்மா அப்போதுதான் மறுபடியும் கடையை விட்டு வெளியே வந்தார். வரத்தானே செய்வார்.

2025 ஜனவரியிலிருந்து டெக்ஸாஸில் சொந்த வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. அதாவது இந்த வண்டியிடமிருந்து பொதுமக்களைக் காப்பாற்ற இருக்கிற ஒரே அதிகாரி நான்தான். நினைத்துப் பாருங்கள்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். அவர் இருபது வருடம் அம்பாசிடர் ஓட்டியவர். அதிலும் கை கியர்தான், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, ஆட்டோமேட்டிக்குன்னு சொன்ன, அப்புறம் அதுக்கு எதுக்குக் கியர்?” என்றார். பல்லைக் கடித்தேன். அடுத்தது கேட்டார்:

“அடியில படுத்துப் பாத்தியா?”

பார்க்கவில்லை. ஏழு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை. ஏனென்றால் தொப்பிக்காரர் பார்க்கச் சொல்லவில்லை.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை மிதித்துவிட்டு, செல்போனை வாயில் கவ்விக்கொண்டு அடியில் போனேன். ஸ்டியரிங் தண்டின் அடியிலிருந்து வரும் கம்பி கியர் பாக்ஸ் பக்கம் சேரும் இடத்தில், கம்பி ஆடாமல் பிடிக்க வட்டமாக ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது வளையம், இருக்க வேண்டும். இருந்ததற்கான அடையாளம் இருந்தது. தொட்டேன், உடைந்த அப்பளம் மாதிரி முகத்தில் கொட்டியது. ஓட்டைக்குள் கம்பி தன் இஷ்டத்துக்கு முன்னேயும் பின்னேயும் போய் வந்துகொண்டிருக்கிறது. மேலே நான் ‘பி’ போட்டால் கீழே கம்பி பாதி வழியில் நின்றுவிடுகிறது. புஷ்ஷின் விலை ஆறு டாலர். மேலே லீவர் தொங்குவதற்குக் காரணம் வேறு: பின் உட்காரும் ஓட்டையே தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அதில் புதுப் பின்னும் ஆடத்தான் செய்யும். அதாவது சனிக்கிழமை ஏழு மணி நேரமும், அந்த ஸ்பிரிங்கும், என் பிள்ளையின் மன நலமும், எல்லாம் தண்டம்.

புஷ் வியாழக்கிழமைதான் வரும். அப்பாவிடம் சொன்னேன். “அதுவரைக்கும் பழைய ரப்பர் செருப்புல ஒரு துண்டு வட்டமா அறுத்து வெய்யி. அம்பாசிடருக்கு நாங்க வெச்சது அதுதான்” என்றார். அறுத்து வைத்தேன். கீழே கியர் பாக்ஸ் பக்கத்து லீவரை நியூட்ரலில் நிறுத்தி, மேலேயும் நியூட்ரலில் வைத்து, நட்டை இறுக்கினேன். இருபது நிமிடம். பார்க்கில் போட்டு, முழு பலத்தோடு பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து வீட்டு நாய் எட்டிப் பார்த்தது. லீவர் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, தொங்கட்டும். வியாழன் வரை வண்டி வாசலை விட்டு நகராது. அறுத்தது மனைவியின் செருப்பு என்பதை அவள் இன்னும் கவனிக்கவில்லை.

இதோடு முடித்திருப்பேன். உள்ளே வந்து அரிசி மூட்டையைப் பிரிக்கப் போனேன். வாயைத் தைத்திருக்கிற நூல் இருக்கிறதே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் பிரிந்து வரும் என்று நாற்பத்தைந்து வருடமாக எல்லாரும் சொல்கிறார்கள். எந்த முனை ஐயா அது? இடப்பக்கம் இழுத்தேன், முடிச்சு விழுந்தது. வலப்பக்கம் இழுத்தேன், இறுகியது. என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைகூட எனக்கு அது சர்ரென்று வந்ததில்லை. கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால், செருப்பு அறுத்த இடத்தில், வண்டிக்கு அடியில் கிடக்கிறது.