முதலில் சம்பளம், பிறகுதான் அன்னதானம்

போன கிழமை ஐயாவின் முப்பத்தோராம் நாள் முடிந்தது. அன்றைக்குக் கொடுத்த நினைவுப் புத்தகமான கல்வெட்டு நன்றாகத்தான் வந்திருக்கிறது. கோயில் திருப்பணி, அன்னதானம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுத்த வகுப்பறை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அத்தனையும் உண்மை. ஆனாலும் புறக்கோட்டையில் அவருடைய மொத்தக் கடையில் கணக்கெழுதி ஆளானவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை. அவர் எப்படிக் கொடுத்தார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கொழும்பில் தருமம் செய்யும் முதலாளிமாருக்குக் குறைவில்லை. ஆடிவேலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள், திருவிழா உபயம் எடுப்பார்கள். அதே ஆட்களில் சிலருடைய கடையில் பதினைந்து வருடம் வேலை செய்தவருக்கு ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்க மாட்டார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். சட்டம் வந்தது 1958இல். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். 1980இல் வந்த ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், அது முழுக்க முதலாளியின் காசு. ஐயாவின் கடையில் முதல் சம்பளம் வாங்கும் அன்றைக்கே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார். பொடியன்கள் முகத்தைச் சுளிப்பார்கள், 8 வீதம் வெட்டுப்படுகிறதே என்று. “உனக்கு இப்ப விளங்காது தம்பி, அம்பத்தஞ்சு வயசில விளங்கும்” என்பார். அந்த வயதில்தானே ஆண்கள் அந்தக் காசை எடுக்கலாம். எடுத்த இரண்டு பேர் செத்தவீட்டில் என் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

மூடை சுமக்கும் நாட்டாமிமார் கதை வேறு. அவர்கள் எந்தக் கடையின் சம்பளப் பட்டியலிலும் வரமாட்டார்கள், மூடைக் கணக்குக்குத்தான் கூலி. முதுகு விழுந்தால் அன்றோடு வருமானம் நின்றுவிடும். தன் கடைக்கு வழமையாக மூடை இறக்கியவர்களுக்கு ஐயா வங்கிப் புத்தகம் திறந்துகொடுத்து, கிழமைக்குக் கிழமை ஒரு தொகை போடுவித்தார். போட்டுவிட்டு வந்தவன் நான்தான். இதை வெளியில் சொல்லக்கூடாது என்பது கட்டளை. இப்போது சொல்கிறேன்.

அப்புறம் கடன். மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு, ஒரு மாதம் தள்ளித் திகதி போட்ட செக் கொடுப்பார்கள். திகதி வந்ததும் வங்கியில் போடுவதுதான் வழமை. ஐயா போடமாட்டார். முதல் நாள் பின்னேரம் அந்தக் கடைக்கு அழைப்பெடுப்பார்: “நாளைக்குப் போடட்டோ, பொறுக்கட்டோ?” செக் திரும்பினால் அந்தச் சின்னக் கடைக்காரனின் பெயர் வங்கியில் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். பொறுக்கச் சொன்னால் கொப்பியில் பென்சிலால் புதுத் திகதி எழுதுவார். அந்தப் பென்சிலை எப்போதும் காதில்தான் செருகியிருப்பார்.

ஆனால் கடனை லேசில் தள்ளுபடி செய்யமாட்டார். கணக்கு ஐந்து ரூபாய் பிசகினாலும் இரவு கடை பூட்டவிடமாட்டார். இவ்வளவு தாராளமான மனுசன் ஏன் இப்படிக் கறாராக இருக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். “தள்ளுபடி செய்தால் அவன் வெக்கத்தில திரும்பி வரமாட்டான். தவணை குடுத்தால் வருவான்” என்றார். கொடுப்பதைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடக் கூர்மையான பேச்சு கிடையாது. வாங்குகிறவன் தலைநிமிர்ந்து வந்துபோக வழி இருக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்றால், 83இல் இருந்து. தமிழருக்கு எதிரான கலவரத்தில் ஜூலை 25ஆம் திகதி கடை எரிந்தது. குடும்பத்தோடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிமுகாமில் இருந்துவிட்டு, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒன்றுமில்லை. பழைய சோனகத் தெருவில் ஒரு முஸ்லிம் வியாபாரி, எழுத்துமில்லை சாட்சியுமில்லை, பருப்பும் செத்தல் மிளகாயும் கடனுக்கு ஏற்றிவிட்டிருக்கிறார். அந்தக் கடனை ஐயா சதம் மிச்சமில்லாமல் அடைத்தார். அந்தப் பெரியவர் மௌத்தானபின்னும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த வீட்டுக்குப் போய் வருவார்.

2022 பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. மைசூர் பருப்பு முழுக்க வெளிநாட்டுச் சரக்கு, டொலர் இல்லாவிட்டால் கொள்கலன் துறைமுகத்தை விட்டு வெளியே வராது. ஐயா பழைய விலைக்கே விற்றார் என்று சிலர் இப்போது எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவரும் விலையைக் கூட்டினார். கூட்டாவிட்டால் அடுத்த மூடை வாங்க முதல் இருக்காது, கடையே படுத்துவிடும். ஆனால் தவணையை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக்கினார். வேலையாட்கள் எல்லோருடைய வீட்டுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, மா போனது. ஒருவரையும் நிறுத்தவில்லை. அந்த வருடம் வந்த பேத்தியின் சாமத்தியச் சடங்கை மண்டபம் எடுக்காமல் வீட்டோடு முடித்துக்கொண்டார்.

ஊருக்குக் கொடுக்கிறவன் வீட்டை மறப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. அவரை வெள்ளவத்தை வீட்டில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவருடைய மனைவிக்கு, நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவருக்கு, பாரிசவாதம் வந்து வலது கை விழுந்த நாளிலிருந்து காலையில் தலை இழுத்துவிடுவது அவர் வேலை. கணக்குக் கொப்பியோடு ஒருநாள் விடிய வீட்டுக்குப் போனேன். அம்மா கதிரையில் இருக்கிறார், ஐயா பின்னால் நின்று எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, மூன்று புரியாகப் பின்னுகிறார். பின்னல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அம்மா இடது கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். “சரியில்லையாம்” என்று எனக்குச் சொல்லிவிட்டு முழுதாக அவிழ்த்து மறுபடி தொடங்கினார். கடைதிறக்க அன்று அரை மணித்தியாலம் பிந்தியது. நேரம் தவறாத மனுசன், அதற்காக மட்டும் பிந்துவார். பிறகு வீரகேசரியை எடுத்து மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்.

அம்மாவுக்குப் பேச்சு இப்போதும் தெளிவாக வராது, ஆனால் எல்லாம் கேட்கும், எல்லாம் விளங்கும். ஐயாவிடம் சாமான் எடுத்தவர்கள், அவரிடம் வேலை செய்தவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒருதரம் வீட்டுக்குப் போய் உங்கள் கதையை அவருக்குச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் அவருக்கே தெரியாது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போவது நல்லது, மகளும் வேலையால் வந்திருப்பார். விலாசம் தெரியாதவர்கள் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள்.