ஜிக்சோ புதிரும் மறதி நோயும்

தம்பி, "ஒரு மாதம் தினமும் ஜிக்சோ புதிர் (வெட்டிய படத்துண்டுகளைப் பொருத்துவது) செய்தால் மறதி நோய் வராது, ஜேர்மனியில் நிரூபித்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

2018இல் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது அது. 50 வயதுக்கு மேற்பட்ட 100 பேரில் ஒரு பகுதியினர் 30 நாட்கள், நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது புதிர் பொருத்தினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டபோது அவர்களின் மூளைத்திறனில் மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் இல்லை. வாழ்நாளில் நிறையப் புதிர் செய்தவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் புதிரால் திறன் வந்ததா, திறன் இருந்ததால் புதிர் பிடித்ததா? அதை அந்தத் தொடர்பு மட்டும் சொல்லாது. மறதி நோய் வருகிறதா என்று அவர்கள் பார்க்கவே இல்லை.

இதை நான் வலிந்து சொல்லக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே இருக்கும் அம்மா அப்பாமார் எத்தனை பேர்! மறதி கூடுகிறதென்றால் புதிர்ப் பெட்டி அனுப்பிவிட்டு இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

சரி, புதிர் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. பின்னேரம் விறாந்தையில் ஃபோனை உள்ளே வைத்துவிட்டு, வானத்துத் துண்டுகளைத் தேடிக்கொண்டிருப்பது மனதுக்கு அவ்வளவு ஆறுதல். முதியவர்களுக்கென்றால் பெரிய துண்டுகள் உள்ளதாக வாங்குங்கள். ஒரு பலகையில் வைத்துச் செய்தால் சாப்பாட்டு நேரத்தில் அப்படியே தூக்கி வைக்கலாம்.