ரஸ்ட் படிக்க யாரிடம் அனுமதி வாங்கணும்?

ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகர் கூட்டத்தில், ரஸ்ட் என்கிற நிரல் மொழியில் சந்தேகம் கேட்க வந்த ஒரு தம்பியைப் பார்த்து ஓர் அண்ணன் சிரித்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் இன்பாக்ஸில் வந்து "யாரு அந்த அண்ணன்" என்று கேட்க வேண்டாம். ஆள் முக்கியமில்லை. "தம்பி, உனக்கெல்லாம் ரஸ்ட் எதுக்கு? போய் பைத்தான் படி." இதுதான் மூன்று நாளாகக் காதிலேயே நிற்கிறது.

எனக்குப் பைத்தான் மேல் கோபமில்லை. அந்த 'உனக்கெல்லாம்' மேல்தான்.

முதலில் எளிய மொழியில் கை பழகட்டும் என்பீர்கள். சரி, பலருக்கு அதுவே நல்ல வழி. அதை அப்படியே சொல்லியிருக்கலாமே? 'ரஸ்ட்டுக்கு இங்கே வேலை ஏது' என்பவர்களுக்கு: அந்தத் தம்பி வேலை கேட்டு வரவில்லை. உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, சந்தேகம் கேட்க வந்தான்.

சந்தேகமும் பெரிதில்லை. ஒரு வெக்டரை, அதாவது மதிப்புகளின் பட்டியலை, ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப்பில் ஓட்டிவிட்டு, அடுத்த வரியில் அதன் நீளத்தைக் கேட்டிருக்கிறான். நாம் எழுதியதைச் சரிபார்த்து இயங்கும் நிரலாக்கித் தரும் கம்பைலர் விடவில்லை. ரஸ்ட்டுக்குள் வருகிற எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம். லூப்புக்குக் கொடுத்தபின் வெக்டர் நம்முடையது இல்லை. டிவிஎஸ் 50ஐ விற்றுவிட்டு மறுநாள் சாவி கேட்ட கதை. முன்னால் ஓர் ஆம்பர்சண்ட் (&) போட்டு இரவலாகக் கொடுத்திருந்தால் முடிந்தது. இதைச் சொல்ல அரை நிமிடம். அண்ணன் சிரித்தது அதைவிட அதிக நேரம்.

வெளியே டீக்கடையில் தம்பியிடம் நான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இந்தக் கடை பேப்பர் மாதிரியாண்ணே? எத்தனை பேர் வேணும்னாலும் சேந்து படிக்கலாம். பேனா எடுத்து குறுக்கெழுத்து போடணும்னா ஒருத்தன் கையில மட்டும்தான் இருக்கணும்" என்றான். ஆறு மாதம் மண்டையை உடைத்து எனக்குப் புரிந்த விதி அது. இவனுக்குத்தான் 'உனக்கெல்லாம்'!

2003இல் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் சி என்கிற நிரல் மொழி படிக்கப் போனேன். நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஸ்கேன்எஃப்பில் இதே ஆம்பர்சண்டை விட்டுவிட்டேன். 5 என்று கொடுத்தால் திரையில் சம்பந்தமே இல்லாத எண் வருகிறது. சார் பின்னால் வந்து நின்று பார்த்தார். "தமிழ் மீடியமா?" என்றார். வகுப்பே சிரித்தது. தப்பு எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. கட்டிய பணத்துக்கு அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் மோசம்.

'இந்தக் கிண்டலையே தாங்காதவன் ரஸ்ட் கம்பைலரை எப்படித் தாங்குவான்' என்று ஒருவர் கமெண்ட் போடுவார், தெரியும். அய்யா, அந்தக் கம்பைலர் எந்த வரி என்று காட்டும், இங்கே ஆம்பர்சண்ட் போட்டுப் பார் என்றும் சொல்லும். எந்த மீடியம் என்று கேட்காது.

லிஃப்ட் மென்பொருள் படுத்துவிட, 21 மாடி நடந்தே ஏறிய எரிச்சலில் கிரேடன் ஹோர் 2006இல் தொடங்கிய மொழி ரஸ்ட். எரிச்சலில் பிறந்ததாலோ என்னவோ எனக்குப் பிடிக்கும். முதல் நிலையான பதிப்பான 1.0 வந்ததே 2015இல்தான். அதற்குள் இங்கே பரம்பரை தர்மகர்த்தாக்கள் வந்துவிட்டார்கள்.

"அடுத்த ஞாயிறு நான் வரணுமாண்ணே?" என்று தம்பி நேற்று ராத்திரி கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.