"கிளவுடில் போட்டால் பேக்கப் தேவையில்லை" என்ற செய்தி தவறு

"கோப்புகள் கூகுள் டிரைவில் சிங்க் ஆகின்றன என்றால் கடைக்கோ அலுவலகத்துக்கோ தனி பேக்கப் தேவையில்லை" என்றொரு வாட்ஸ்அப் செய்தி வியாபாரிகள் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

சிங்க் என்பது நகலெடுத்துப் பாதுகாப்பதல்ல; இரண்டு இடங்களையும் ஒரே நிலையில் வைப்பது. கணினியில் கோப்பை அழித்தால் டிரைவிலும் அழியும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பூட்டிய கோப்பும் அப்படியே மேலேறி, நல்ல கோப்பின் இடத்தில் உட்காரும். அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். கூகுள் டிரைவின் உதவிப் பக்கத்திலேயே இதைப் பார்க்கலாம். ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும்போதுதான் ஒரு கோப்பு காணவில்லை என்று தெரியவந்தால் காலம் கடந்திருக்கும்.

கிளவுடு நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்பதும் உறுதியில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் கிளவுடு சேவை தரும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காதவர்கள் பலர் தரவை நிரந்தரமாக இழந்தார்கள்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில்: இதுவே நெடுநாளைய நடைமுறை. வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும். இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். நடப்புக் கணக்கின் மேலேயே மீட்டுப் பார்க்காதீர்கள், அன்றைய பதிவுகள் போய்விடும்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.