மார்ட்டின் லூதர் கிங் தளர்ந்ததே இல்லையா?

இறைநம்பிக்கை இருந்ததால் மார்ட்டின் லூதர் கிங் ஒருநாளும் மனம் தளரவில்லை என்று இங்கே பலர் பகிர்கிறீர்கள். நம்பிக்கை அவரைத் தாங்கியது, சரி. ஆனால் தளரவே இல்லை என்பது அவர் எழுதியதற்கே மாறானது.

1956 ஜனவரி, அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் கிங் தலைமையில் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். நள்ளிரவில் தொலைபேசியில் ஒரு மிரட்டல், தூக்கம் போய்விட்டது. சமையலறையில் காபி போட்டு வைத்தார், கோப்பையைத் தொடவே இல்லை. கோழை என்று பெயர் வாங்காமல் போராட்டத்திலிருந்து எப்படி விலகுவது என்றுதான் யோசித்தாராம்! அப்புறம்தான் வாய்விட்டுப் பிரார்த்தனை, அதில் கிடைத்த தெம்பு. (ஜனவரி 30 அன்று வீட்டு முகப்பில் குண்டே வெடித்தது.)

1958-ல் வெளிவந்த அவருடைய 'ஸ்டிரைட் டுவர்ட் ஃப்ரீடம்' நூலில் இதை நீங்களே படித்துச் சரிபார்க்கலாம்.