விண்வெளிக் கதைகளில் யாருக்கும் மூட்டு நோவதில்லை

ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைக் கொழும்புக்காரராகத்தான் பலருக்குத் தெரியும். 1956இல் திருகோணமலையின் கோணேசர் மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களைக் கடலுக்குள் கண்டவர்களில் அவரும் ஒருவர். எனவே திருகோணமலையில் அறிவியல் புனைகதை வாசிக்கிற நாலு பேருக்கு அவரிடம் கொஞ்சம் உரிமை உண்டு. அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன்.

கிளார்க்குக்குக் கடல் என்றால் எடையில்லாமல் மிதக்கிற இடம், விண்வெளிக்கு ஒத்திகை. 1962இல் உடம்பு முடங்கிப்போன பிறகும் திரும்பச் சுழியோடினார். அழகான ஆசைதான். ஆனால் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறவர்களிடம் கேளுங்கள், வேறு கதை வரும். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். அவசரமாக மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரிக் குமிழி கிளம்பும். மூட்டில் என்றால் நோவு. முள்ளந்தண்டில் என்றால் இடுப்புக்குக் கீழே வழங்காமல் போகலாம். ஆறுதலாக, இடையிடையே நின்றுதான் ஏற வேண்டும். சரி, பிடித்த அட்டைக்குக் காசு கிடைக்கும். நின்று வந்த நேரத்துக்கு யார் தருவார்?

முதலில் இது பாலம் கட்டிய கூலிகளின் நோய். 19ஆம் நூற்றாண்டில், ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளுக்குள் இருந்து மண் தோண்டியவர்களுக்கு வந்தது. நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்தில் தலைமைப் பொறியாளரையே படுக்கையில் போட்டது. இன்று விண்வெளி நடைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே தூய ஒட்சிசனைச் சுவாசிப்பதும் இதற்குப் பயந்துதான். கதைகளிலோ நாயகர் உடையை மாட்டுவார், கதவைத் திறப்பார், குதிப்பார். அவ்வளவுதான்.

கிளார்க் 1979இல் எழுதிய நாவலில் இலங்கையையே நிலநடுக்கோட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய், மலை உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார். அதில் பொறியாளரின் பலவீனமான இதயத்தை நன்றாகவே எழுதியிருக்கிறார். அந்த ஒரு உடம்புதான் மனதில் நிற்கிறது. கட்டியவர்களின் முதுகும் முழங்காலும் எங்கே?

இதில் எனக்குப் பிடித்தவர் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக். ரோபோக்களை உலகுக்குத் தந்த அவருடைய 1920ஆம் ஆண்டு நாடகத்தில் வருபவை தகரப் பொம்மைகள் அல்ல, செய்யப்பட்ட சதை. அவற்றுக்கு வலியை உண்டாக்கப் பார்க்கிறார் ஒரு விஞ்ஞானி. இரக்கத்தால் அல்ல! வலி தெரியாமல் கையை இயந்திரத்துக்குள் விட்டு முறித்துக்கொள்கின்றன, கம்பனிக்கு நட்டம். இங்கே நிலைமை தலைகீழ். ஏற்கெனவே வலிக்கிற மனிதர் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார். 1945இலேயே தொடர்புச் செய்மதியைப் பற்றி எழுதிய கிளார்க்கா, சாப்பெக்கா எதிர்காலத்தைச் சரியாகக் கண்டது என்று கேட்டால், என் வாக்கு சாப்பெக்குக்கு.

கடலட்டைக்குப் போன ஒருவரை விண்வெளி நிலையத்தில் வேலைக்குச் சேர்த்து யாராவது ஒரு தமிழ்க் கதை எழுதியிருந்தால் கீழே சொல்லுங்கோ. இல்லையென்றால் எழுதுங்கோ. சம்பளம், லீவு, மருந்துச் செலவு எல்லாம் அதில் வரவேண்டும்.