மாண்ட்ரியல் நிதி தராசை எங்கே வைக்க மறந்தது?

செப்டம்பர் 16 வந்தால் ஓசோன் தினப் போஸ்டர்கள் வரிசை கட்டும். ஓசோன் படலம் மீண்டு வருவதற்குக் காசு யார் கொடுத்தார்கள், எந்தக் கணக்கில் கொடுத்தார்கள் என்பது மட்டும் பேச்சில் வராது. வரவேண்டிய நேரம் இது. அடுத்த சுற்றுப் பணம் கிளம்பிவிட்டது.

ஓசோனை அரிக்கும் வாயுக்களை ஒழிக்க 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தபோது இந்தியாவும் சீனாவும் உள்ளே வரவில்லை. ஃப்ரிட்ஜிலும் ஃபோமிலும் போட்ட, ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி வாயுவை அத்தனை வருஷம் ஊதித் தள்ளியது பணக்கார நாடுகள். மாற்று இயந்திரம் வாங்கும் செலவு மட்டும் எங்கள் தலையிலா என்று கேட்டன. நியாயமான கேள்விதான். 1990 லண்டன் கூட்டத்தில் அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் பலதரப்பு நிதி (மல்டிலேட்டரல் ஃபண்ட்). முதல் மூன்று வருஷத்துக்கு 16 கோடி டாலர், இந்த இரண்டு நாடுகளும் சேர்ந்தால் 24 கோடி என்று பேசி முடித்தார்கள். இந்தியா 1992இல் சேர்ந்தது. 2024–26க்கு ஒதுக்கியிருப்பது 96.5 கோடி டாலர். முடிவெடுக்கும் குழுவில் 14 நாடுகள்: கொடுக்கிற பக்கம் 7, வாங்குகிற பக்கம் 7. பணம் போட்டவன் மட்டும் நாட்டாமை செய்ய முடியாது.

ஆனால் அள்ளிக் கொடுக்கும் நிதி இல்லை இது. கூடுதல் செலவு மட்டும்தான் தருவார்கள். ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனி சிஎஃப்சி-12இலிருந்து மாறுகிறது என்றால் புதிய கேஸ் சார்ஜிங் மெஷின், வேக்கம் பம்ப், லீக் டிடெக்டர் இதற்கெல்லாம் பணம் உண்டு. மாறியதால் உற்பத்திச் செலவு குறைந்தால் அந்த மிச்சத்தைக் கழித்துவிடுவார்கள். கம்பெனியில் வளர்ந்த நாட்டு முதலாளிக்கு 40 சதவீதப் பங்கு இருந்தால் மானியத்திலும் 40 சதவீதம் போச்சு. 1995 ஜூலை 25க்குப் பிறகு போட்ட சிஎஃப்சி லைனுக்கு ஒரு பைசா கிடையாது; இல்லையென்றால் மானியத்துக்காகவே புது லைன் போட்டிருப்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் துறைக்கு உச்சவரம்பு, ஒழிக்கும் வாயுவின் கிலோவுக்கு 13.76 டாலர். பழைய மெஷினை உடைத்ததற்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

இந்தக் கறார்தான் வேலை செய்தது என்பது என் கருத்து. இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்தவை நான்கு கம்பெனிகள். அதில் ஒன்று நம்ம மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். உற்பத்தியை மூட 1999இல் 8.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு டன்தான் என்று கோட்டா, ஆண்டு முடிந்ததும் தணிக்கை, அதில் தேறினால் அடுத்த தவணை. தணிக்கைக்கு வருகிறவர்கள் விற்பனை பில்லோடு நிற்பதில்லை, மூலப்பொருளையும் பார்ப்பார்கள். ஒரு கிலோ சிஎஃப்சி-12 செய்ய வேதிக் கணக்குப்படியே சுமார் 1.27 கிலோ கார்பன் டெட்ராகுளோரைடு, 0.33 கிலோ ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வேண்டும். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு உதைத்தால் மாட்டிக்கொள்வார்கள். 2008 ஆகஸ்ட் 1இல், கெடுவுக்கு 17 மாதம் முன்னதாகவே, ஆஸ்துமா இன்ஹேலர் தேவை தவிர மற்ற உற்பத்தி நின்றது.

ஃபாக்டரி மாதிரி கேட் இருக்கிற இடத்தில் தராசு வைக்கலாம். சர்வீஸ் மெக்கானிக்கின் பைக்கில் எங்கே வைப்பது? நிதி தடுமாறுவது இங்கேதான்.

பழைய ஏசிகளில் இருக்கும், ஓசோனை அரிக்கும் ஆர்-22 கேஸ் இப்போது இறங்குமுகம். 2030க்குள் 97.5 சதவீதம் குறைய வேண்டும், மீதி 2.5 சதவீதம் 2040 வரை சர்வீஸுக்கு மட்டும். சர்வீஸ் துறைக்கு நிதி வைத்த அளவுகோல் கிலோவுக்கு 4.80 டாலர். அது பயிற்சி வகுப்பாகவும் சான்றிதழாகவும் கருவியாகவும் வந்து சேர்கிறது. பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. நைட்ரஜன் விடாமல் பைப்பைச் சூடு வைத்து ஒட்டுகிற (பிரேஸிங்) ஆளும், வேக்கம் போடாமல் கேஸை விட்டே பைப்பில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறவரும் இன்னும் ஏராளம். 500 மைக்ரான் (வேக்கம் அளக்கும் அலகு) வரை இழுத்து, பம்பை நிறுத்தி, அளவு ஏறுகிறதா என்று பார்க்கிற பழக்கம் வந்தாலே பாதிக் கசிவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பிரச்சினை பழைய ஏசியைக் கழற்றும்போது வருகிறது. ஒன்றரை டன் ஸ்பிளிட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஆர்-22 இருக்கும். அதைக் காற்றில் விட்டால் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம், ஓசோன் சேதம் தனி. முறைப்படி செய்ய, காலி ரெக்கவரி சிலிண்டரை வேக்கம் போட்டு எடை பார்த்து, மெஷினை இணைத்து இழுத்து, கொள்ளளவில் 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். தாண்டினால் வெயிலில் திரவம் விரிந்து சிலிண்டர் வெடிக்கலாம். பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள மெஷினை மூன்றாவது மாடிக்குத் தூக்கி, அரை மணி நேரம் செலவழித்துப் பிடித்த கேஸை யார் வாங்குகிறார்கள்? அதே சிலிண்டரில் நேற்று வேறு வகைக் கேஸான ஆர்-410ஏ பிடித்திருந்தால் அது கலப்படம். சாதாரணச் சுத்திகரிப்பில் பிரியாது, எரிக்கத்தான் வேண்டும். ஆகவே ஃப்ளேர் நட்டைத் தளர்த்தி ‘புஸ்’ என்று விட்டுவிட்டுப் போகிறார். அவரைத் திட்டி என்ன பயன்? நேர்மையாகச் செய்தால் அவருக்கு நஷ்டம்.

சான்றிதழ் எண்ணிக்கைக்குப் பதில், திரும்பி வந்த கேஸின் எடைக்குப் பணம் கொடுங்கள் என்பது என் வாதம். இதில் ஒரு பொறி உண்டு. ஆர்-22 தயாரிக்கும்போது பக்கவிளைவாக வருவது, பூமியைக் கடுமையாகச் சூடாக்கும் எச்எஃப்சி-23 வாயு. அதை எரிக்க கார்பன் சந்தையில் காசு கிடைத்தபோது, எரிப்பதற்காகவே கழிவை உண்டாக்கும் ஆசை பிறந்தது. பிறகு ஐரோப்பா அந்த எரிப்புக்குத் தந்த கார்பன் பத்திரங்களை வாங்குவதையே நிறுத்தியது. அதனால் திரும்பி வரும் கேஸுக்கான தொகை புதுக் கேஸின் விலையைவிடக் கண்டிப்பாகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையில் புது ஆர்-22 வாங்கிப் பழசு என்று கொடுத்துவிடுவார்கள். நம் ஆட்களின் கணக்கு அவ்வளவு வேகம்.

விலையைக் கவனிக்காத சட்டம் நிற்காது என்பதற்குச் சீனாவே சாட்சி. 2010க்குப் பிறகு உலகமே தடை செய்த சிஎஃப்சி-11, ஃபோம் ஊதுவதற்கு மலிவு என்பதற்காக மறுபடி தலைதூக்கியது. கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதெருமா நிலையங்களின் காற்று அளவீடுகள்தான் அது கிழக்குச் சீனாவிலிருந்து, ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் கூடுதலாக வருகிறது என்று 2019இல் காட்டிக்கொடுத்தன. அங்கேயும் உற்பத்தியை மூட நிதி பணம் கொடுத்திருந்தது.

அடுத்தது மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலித் திருத்தம், ஓசோனை அரிக்காவிட்டாலும் பூமியைச் சூடாக்கும் எச்எஃப்சி-களைக் குறைக்க. இந்தியாவுக்கு 2024–26 சராசரிதான் அடிப்படை அளவின் முக்கியப் பகுதி. 2028இல் உச்சவரம்பு, 2032இல் முதல் 10 சதவீதக் குறைப்பு. எச்எஃப்சி வகையான ஆர்-32, ஆர்-410ஏ போட்ட ஏசிகள் லட்சக்கணக்கில் சுவரேறிக்கொண்டிருக்கின்றன, இவையும் ஒருநாள் கழன்று வரும். திட்டம் எழுதுகிறவர்கள் மூன்று விஷயங்களுக்குப் பணம் ஒதுக்கினால் போதும்: கேஸ் வகைக்கு ஒரு நிறமாக ரெக்கவரி சிலிண்டர், அதை மொத்த வியாபாரியிடமே முன்பணத்துக்கு எடுத்துத் திருப்பும் வசதி, மாவட்டத் தலைநகரங்களில் கேஸ் வகையைச் சோதிக்கும் அனலைசரோடு ஓர் எடைமேடை. சிலிண்டர் திரும்பி வரும்போது, முதலில் அனலைசர், பிறகு தராசு, பிறகு காசு. இந்த வரிசை மாறினால் கலப்பட கேஸுக்கும் பணம் போகும்.